வேப்பமரத்தடிக் கட்டெறும்பு: பெயர், உறவு, ஊர்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வாசல் வேப்பமரத்தின் தூரில் பெரிய கறுப்பு எறும்புகள் வளை வைத்திருக்கின்றன. பொழுது சாய்ந்ததும் வரிசையாக மரத்தில் ஏறி இறங்குகின்றன. போட்டோ எடுத்துத் தேடிப் பார்த்தால் ‘கார்ப்பென்டர் ஆன்ட்’, அதாவது தச்சன் எறும்பு என்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டதும், மரத்தை அரிக்கிற சாதி, நிலைக்கதவில் புகுந்துவிடும், உடனே மருந்தடிக்க ஆள் கூப்பிடுங்கள் என்கிறார். இது என்ன எறும்பு, எந்த வகையில் சேரும், வெளிநாட்டிலிருந்து வந்ததா, வீட்டைக் கெடுக்குமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பக்கவாட்டுத் தோற்றம் தெளிவாக விழுந்திருக்கிறது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். இது காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். நாம் காலங்காலமாகக் கட்டெறும்பு என்று சொல்லிவரும் எறும்புகளில் முதன்மையானது. வெளிநாட்டு வரவு கிடையாது. உலகத்துக்கு இந்த இனம் அறிமுகமானதே நம் தரங்கம்பாடியிலிருந்துதான். உங்கள் கதவை இது தின்னாது. மருந்தும் வேண்டாம்.

பதில் அவ்வளவுதான். ஆனால் ‘தச்சன்’ என்ற பெயர் எப்படி இதன் மேல் வந்து ஒட்டியது என்று தெரிந்தால்தான் அந்தப் பயம் முழுசாகப் போகும். அதற்கு வகைப்பாட்டுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஒரு கைலென்ஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்குவது போதும். ஒரு பெரிய எறும்பைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, குப்பியைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு ஒரே வில்லாக, எங்கும் பள்ளம் விழாமல் வளைந்து இறங்கும். காம்போனோட்டஸ் என்ற பேரினப் பெயரே கிரேக்கத்தில் ‘வளைந்த முதுகு’ என்று பொருள்படும். இடுப்பில் ஒரே ஒரு கணு, நிமிர்ந்த செதில் மாதிரி நிற்கும். தலையைப் பார்த்தால், உணர்கொம்புகள் முளைக்கும் இடம் வாய்க்கு மேலுள்ள தகட்டின் விளிம்பை ஒட்டாமல் சற்று மேலே தள்ளி இருக்கும். வயிற்றின் நுனியில் கொடுக்கு இருக்காது. அதற்குப் பதில் சுற்றிலும் மயிர் வைத்த ஒரு சின்ன வட்டத் துளை. அந்தத் துளைதான் இதன் துணைக்குடும்பத்தையே காட்டிக்கொடுக்கும் அடையாளம். அதன் வழியாகத்தான் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எறும்புக்கு லத்தீனில் ஃபார்மிகா என்று பெயர். 1671-லேயே ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார், அதிலிருந்து வந்த பெயர்தான் அமிலத்துக்கும்.

அப்புறம் நிறம். உடம்பு பளபளப்பில்லாத கறுப்பு, கரி பூசியது மாதிரி. கால்களின் மேல்பாகமும் உணர்கொம்பின் நுனிப்பக்கமும் மட்டும் செம்பழுப்பு. வெயிலில் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். கம்ப்ரெஸ்ஸஸ் என்றால் ‘இருபுறமும் நெருக்கப்பட்டது’. மேலிருந்து பார்க்கும்போது நெஞ்சுப்பகுதி பின்னால் போகப் போக இரண்டு விரலால் அமுக்கினாற்போல ஒடுங்கியிருக்கும்.

ஒரே வளையில் வெவ்வேறு அளவில் எறும்புகள் இருப்பதைப் பார்த்து இரண்டு மூன்று இனம் சேர்ந்து வாழ்கிறதோ என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாம் ஒரு தாய் மக்கள்தான். பெரிய வேலைக்காரி ஒன்றரை சென்டிமீட்டர் வரை போகும், தலை இதய வடிவில் அகன்று, தாடை கனத்து இருக்கும். சின்னவள் அதில் பாதி நீளம், தலையும் ஒடுக்கம். இடையில் நடுத்தரம். இந்த மூன்று தரத்தையும் தனித்தனி இனமாக நினைத்துத் தனித்தனிப் பெயர் வைத்த குழப்பம் எறும்பியலின் பழைய ஏடுகளில் நிறைய உண்டு.

இப்போது வகைப்பாட்டுக்கு வருகிறேன். தேனீ, குளவி, எறும்பு மூன்றும் ஒரே வரிசை, ஹைமனாப்டெரா. அதில் எறும்புகள் எல்லாம் ஃபார்மிசிடே என்ற ஒரே குடும்பம். அதற்குள் ஃபார்மிசினே துணைக்குடும்பம், அமிலம் பீய்ச்சுகிறவர்கள் எல்லாம் இங்கே. முசுறு என்று சொல்கிற இலை தைக்கும் செவ்வெறும்பும் இந்தத் துணைக்குடும்பம்தான், ஆனால் அது வேறு கிளை. நம் கட்டெறும்பு காம்போனோட்டினி என்ற கிளை. முதுகில் முள் முளைத்த பாலிராக்கிஸ் எறும்புகளும் இந்தக் கிளையில் சேரும். கிளைக்குள் காம்போனோட்டஸ் பேரினம். 1861-இல் ஆஸ்திரியாவின் குஸ்தாவ் மாயர் வைத்த பெயர். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் இருக்கின்றன. அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் உண்டு. இந்தியாவில் மட்டும் எண்பதுக்கு மேல். நம் நாட்டு எறும்புப் பேரினங்களில் மிகப் பெரியது இதுதான்.

‘தச்சன்’ ஒட்டிக்கொண்டது இந்தப் பேரின மட்டத்தில்தான். ஒவ்வொரு பேரினத்துக்கும் மாதிரியாக ஒரு சிற்றினத்தைக் குறித்து வைப்பது வழக்கம். காம்போனோட்டஸுக்கு அப்படிக் குறிக்கப்பட்டது ஐரோப்பாவின் லிக்னிபெர்டா என்ற எறும்பு. 1802-இல் பிரெஞ்சுக்காரர் லாத்ரேய் விவரித்தது. லிக்னிபெர்டா என்றாலே ‘மரத்தைக் கெடுப்பது’. வட ஐரோப்பா முதல் வட அமெரிக்கா வரை குளிர்க்காடுகளில் இருக்கும் ஹெர்குலியானஸ், கிழக்கு அமெரிக்காவின் பென்சில்வானிகஸ் ஆகியவையும் மரத்துக்குள் கூடு குடைபவை. குளிர்காலம் ஆறேழு மாதம் நீள்கிற நாட்டில் பட்டுப்போன அடிமரத்துக்குள் அறை அறையாகக் குடைந்து வாழ்வது நல்ல ஏற்பாடு. அமெரிக்காவில் வீடுகளே மரச்சட்டங்களால் ஆனவை; கூரை ஒழுகி ஈரமான கட்டைக்குள் பென்சில்வானிகஸ் புகுந்து குடைந்துவிடும். அந்த எறும்பும் மரத்தைத் தின்பதில்லை, குடைந்த தூளை வெளியே தள்ளிக் குவிக்கிறது. அங்குள்ள வீட்டுக்காரர்களுக்கு அது உண்மையான தொல்லை. அந்த ஊர் அனுபவத்தில் பிறந்த பெயர் ஆயிரம் சிற்றினங்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. போட்டோவைப் பார்த்து மென்பொருள் பேரினத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. கூடவே வந்த எச்சரிக்கை வேறு ஊரில், வேறு எறும்புக்காக எழுதப்பட்டது.

நம் எறும்பு மண்ணில் வாழ்வது. வேம்பு, கருவேலம், புளி, கொடுக்காப்புளி, எந்த மரமானாலும் அதன் தூரை ஒட்டி வேர்களுக்கு நடுவே மண்ணைத் தோண்டி வளை வைக்கும். மரம் அதற்கு நிழலும் ஏணியும். உக்கிப்போன வேர்க்கட்டையோ சுவர் விரிசலோ கிடைத்தால் அதையும் ஓர் அறையாகச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் வைரம் பாய்ந்த நிலைக்கட்டையைக் குடைகிற வேலை அதற்கு இல்லை.

தரங்கம்பாடிக் கதையைச் சொல்கிறேன். 1620-இலிருந்து 1845 வரை அந்த ஊர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. கோட்டையும் மிஷனும் இருந்ததால் மருத்துவர்கள், பாதிரியார்கள் என்று படித்தவர்கள் வந்துபோனார்கள், இங்கிருந்து செடிகளும் பூச்சிகளும் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குப் போயின. லின்னேயஸின் மாணவரான ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் அங்கே மருத்துவராக வந்தவர். தென்னிந்தியக் கரையான்களைப் பற்றி அவர் 1779-இல் எழுதியது கரையான் ஆராய்ச்சியில் முன்னோடியான கட்டுரை. லின்னேயஸின் இன்னொரு மாணவர் ஜோஹன் கிறிஸ்டியன் ஃபாப்ரிஷியஸ், டேனிஷ்காரர், பூச்சியியலில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர். தரங்கம்பாடியிலிருந்து போன எறும்பு ஒன்றை அவர் 1787-இல் விவரித்து ஃபார்மிகா கம்ப்ரெஸ்ஸா என்று பெயரிட்டார். அப்போது உலகத்து எறும்புகள் ஏறக்குறைய எல்லாமே ஃபார்மிகா என்ற ஒரே பேரினத்தில் அடைந்து கிடந்தன. மாயர் காம்போனோட்டஸை உருவாக்கிய பிறகு நம் எறும்பு அதில் குடியேறியது, பெயரின் ஈறும் கம்ப்ரெஸ்ஸஸ் என்று மாறியது. இடம் மாறிய பெயர் என்பதால்தான் ஏடுகளில் ‘ஃபாப்ரிஷியஸ், 1787’ என்பதை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். தரங்கம்பாடிக்குப் போனால் டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே நிற்கும் மரங்களின் தூரையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். உலகம் முழுவதும் இந்த இனத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அந்த ஊர் எறும்போடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்த எறும்புக்கு இரண்டாவது முறையும் ஒரு பெயர் விழுந்தது. புனேயில் இருந்த ராணுவ அதிகாரி சைக்ஸ் 1835-இல் ஃபார்மிகா இண்டெஃபெஸ்ஸா என்று ஒன்றை விவரித்தார். இண்டெஃபெஸ்ஸா என்றால் ‘களைக்காதது’. ஏன் அந்தப் பெயர் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். வீட்டில் பழமும் இனிப்பும் வைத்த மேசைக்கு எறும்பு வந்துகொண்டே இருந்தது. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார்கள், நீந்திக் கடந்தன. கால்களில் டர்பன்டைன் தடவினார்கள், கொஞ்ச நாள் ஓய்ந்தது. அப்புறம் பார்த்தால் இனிப்பில் மறுபடி எறும்பு. சைக்ஸ் உட்கார்ந்து கவனித்தார். ஓர் எறும்பு சுவரில் ஏறி, மேசைக்கு ஓரடி உயரத்துக்குப் போய், அங்கிருந்து பிடியை விட்டு நேரே இனிப்பின் மேல் விழுந்தது. பின்னால் வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, இதுவும் ஃபாப்ரிஷியஸின் கம்ப்ரெஸ்ஸாவும் ஒன்றே என்று முடிவு செய்தார்கள். முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை என்பது விதி. அதனால் இண்டெஃபெஸ்ஸா இணைப்பெயராகப் பட்டியலில் ஒதுங்கிவிட்டது. எனக்கு அந்தப் பெயர்மேல் ஒரு பிரியம் உண்டு. எறும்பைக் கண்ணால் பார்த்து, அதன் குணத்தை வைத்து இட்ட பெயர் அது.

வகைப்பாட்டில் பெரிய சிக்கல் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். சுவிட்சர்லாந்தின் அகஸ்ட் ஃபோரல், தொழிலால் மனநல மருத்துவர், எறும்பியலில் மேதை. அவரும் இத்தாலியின் எமரியும் ஒரு சிற்றினத்துக்குள் துணையினம், ‘இனவகை’, ‘வகை’ என்று அடுக்கடுக்காகப் பிரிக்கிற வழக்கத்தைப் பின்பற்றினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஃபாப்ரிஷியஸே 1782-இல் விவரித்த மாக்குலாட்டஸ் என்ற எறும்பைத் தலைவனாக வைத்து, அதன்கீழ் உலகம் முழுவதுமுள்ள நீள்கால் காம்போனோட்டஸ்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். 1892-இல் ஃபோரல் இந்திய, இலங்கை எறும்புகளை எழுதியபோது நம் கட்டெறும்பும் மாக்குலாட்டஸின் ஓர் இனவகையாகவே வந்தது. மேற்கு அமெரிக்காவின் விசினஸ்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தது என்றால் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பரவல் வரைபடத்தை நம்பலாமா என்பது இதில்தான் இருக்கிறது. ஒரு பெயருக்குள் இருபது எறும்பை அடைத்துவிட்டால் அந்தப் பெயர் உலகம் பூரா இருப்பதாகத்தான் தெரியும். பெயரைப் பிரித்ததும் வரைபடம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சுருங்கும். 1903-இல் சார்லஸ் பிங்காம் பிரிட்டிஷ் இந்தியாவின் எறும்புகளைத் தொகுத்தபோது கம்ப்ரெஸ்ஸஸைத் தனிச் சிற்றினமாகவே வைத்தார். பர்மாவில் காட்டிலாகாவில் வேலை பார்த்து, எறும்புகளை உயிரோடு பார்த்துப் பழகிய மனிதர் அவர். இன்று எல்லோரும் ஏற்பதும் அந்த முடிவைத்தான்.

பேரினம் ரொம்பப் பெரிது என்பதால் அதைத் துணைப்பேரினங்களாகவும் பிரித்தார்கள். 1905-இல் ஆஷ்மீட் டானேமிர்மெக்ஸ் என்ற பெயரை உருவாக்கினார். 1912-இல் ஃபோரல் மிர்மோடுர்பா என்று ஒன்றை உருவாக்கினார், நம் எறும்பு சில காலம் அதில் இருந்தது. 1925-இல் எமரி தொகுத்தபோது டானேமிர்மெக்ஸுக்குள் வந்தது. இந்தத் துணைப்பேரினங்களில் பல உண்மையான உறவைக் காட்டுபவை இல்லை என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. டானேமிர்மெக்ஸும் பலதரப்பட்டவற்றைப் போட்டு வைத்த கூடை மாதிரிதான். நீள்கால், ஒடுங்கிய தலை என்ற தோற்றம் ஒன்றுக்கொன்று நெருங்காத கிளைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதனால் துணைப்பேரினப் பெயரை ஒரு வசதிக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதில் உறவைத் தேட வேண்டாம்.

2016-இல் வார்ட், பிளெய்மர், ஃபிஷர் மூவரும் ஃபார்மிசினே முழுவதையும் மரபணுவால் சீர்படுத்தினார்கள். காம்போனோட்டஸுக்குள் இருந்த கொலோபாப்சிஸும், மலேயக் காடுகளின் ராட்சத எறும்பான டைனோமிர்மெக்ஸும் தனிப்பேரினங்களாக வெளியே போயின. உடம்பை வெடிக்க வைத்து எதிரிமேல் பசை கொட்டும் எறும்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அவை இந்தக் கொலோபாப்சிஸ். நம் கட்டெறும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கிளை எறும்புகளை ஒன்றாகக் கட்டும் இன்னொரு சாட்சி வயிற்றுக்குள் இருக்கிறது. 1882-இல் ஃபிரெடரிக் பிளாக்மான் காம்போனோட்டஸ் எறும்பின் குடல் செல்களுக்குள் பாக்டீரியாக்கள் குடியிருப்பதைக் கண்டார். இன்று அவற்றுக்கு பிளாக்மானியா என்று அவர் பெயரே. தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும் சொத்து அது. எறும்பின் கழிவிலுள்ள நைட்ரஜனைத் திரும்ப அமினோ அமிலமாக்கிக் கொடுக்கிறது. தேன்நீரையும் செடிச்சாற்றையும் குடித்தே பெரும்பாலும் காலந்தள்ளும் எறும்புக்குப் புரதக் குறை வராமல் பார்த்துக்கொள்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எறும்பின் வம்சாவளியும் பாக்டீரியாவின் வம்சாவளியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.

சரி, எங்கெல்லாம் இருக்கிறது? இந்தியாவில் ஏறக்குறைய எல்லா மாநிலத்துச் சமவெளியிலும். பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை. இந்தியத் துணைக்கண்டத்தின் எறும்பு என்று சொன்னால் தப்பில்லை. அதற்கு வெளியே தூரதேசங்களிலிருந்து இந்தப் பெயரில் வரும் பழைய பதிவுகளை, நான் மேலே சொன்ன மாக்குலாட்டஸ் குழப்பத்தை மனதில் வைத்து, மாதிரியைத் திரும்பப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

துணைக்கண்டத்துக்குள்ளும் இது எங்கும் ஒரே மாதிரி நிறைந்திருக்காது. வெட்டவெளி, மேட்டுநிலம், தோப்பு, வயல்வரப்பு, சாலையோர மரம், கோயில் நந்தவனம், நகரத்துப் பூங்கா, இவைதான் இதன் இடம். மனிதன் காட்டைத் திருத்தி வெளியாக்கிய இடமெல்லாம் இதற்கு வசதி. எந்நேரமும் ஈரம் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளுக்குள் போனால் இது அருகிவிடும். அங்கே ஆங்குஸ்டிகோலிஸ் போன்ற வேறு காம்போனோட்டஸ்களைப் பார்க்கலாம். இமயத்தில் ஏற ஏறவும் இப்படித்தான், அடிவாரம் தாண்டினால் குளிருக்குப் பழகிய வேறு இனங்கள் வந்துவிடும். மண்ணில் வளை வைக்கிற எறும்புக்குத் தண்ணீர் தேங்காத மண் வேண்டும், பக்கத்தில் சாறு கொடுக்கும் செடியோ மரமோ வேண்டும். இரண்டும் இருந்தால் ஊரின் நடுமையத்தில்கூட வாழும்.

சாறு என்றதும் அந்த ராத்திரி வரிசைக்கு வருகிறேன். உங்கள் வேப்பமரத்தில் ஏறும் எறும்பின் வயிற்றையும் இறங்கும் எறும்பின் வயிற்றையும் டார்ச் அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறும்போது வயிறு கறுத்துச் சுருங்கியிருக்கும். இறங்கும்போது உப்பி, வயிற்றுத் தகடுகள் விலகி, நடுவே வெளிறிய சவ்வு கோடு கோடாகத் தெரியும். மேலே அசுவினி, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி வகையறாக்கள் வடிக்கும் தேன்நீரைக் குடித்துவிட்டு வருகிறது. தூருக்கு வந்ததும் எதிரே வரும் இன்னொன்றோடு முகத்தோடு முகம் நிற்கும். தாடை விரியும், இரண்டுக்கும் நடுவே ஒரு துளி மின்னும், உணர்கொம்புகள் படபடவென்று ஒன்றையொன்று தட்டும். ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கும். கொண்டுவந்த தேன்நீரை ஊட்டுகிறது, அவ்வளவுதான். நான் முதல்முறை இதை ஒழுங்காகப் பார்த்தது ஒரு முருங்கை மரத்தடியில், மின்சாரம் போன ராத்திரியில். அரைமணி நேரம் குந்தியே இருந்தேன், கால் மரத்துப்போனதுகூடத் தெரியவில்லை.

பூச்சியை மேய்ப்பது மட்டுமில்லை. நுரைப்பீர்க்குக் கொடியில் பூவுக்கு வெளியேயும் தேன்சுரப்பிகள் உண்டு. வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வுகளில் அந்தச் சுரப்பிகளுக்கு வரும் எறும்புகளில் கம்ப்ரெஸ்ஸஸ் முக்கியமானது. எறும்புகள் நடமாடும் கொடியில் இலை தின்னும் சிவப்பு வண்டுகளுக்கு நிம்மதி இருக்காது. இலந்தைச் செடியில் வளரும் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களையும் இது காவல் காக்கும்; புழு முதுகில் சுரக்கும் இனிப்புத் துளிதான் கூலி.

ராத்திரியில்தான் அதிகம் பார்க்கிறேன், பகலில் ஒன்றிரண்டுதான் என்று எழுதியிருந்தீர்கள். இதே எறும்பை வைத்து பெங்களூரில் ஓர் அருமையான ஆய்வு நடந்தது, 2004-இல் வெளிவந்தது. விஜய் குமார் சர்மாவின் குழு செய்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க் கடிகார ஆராய்ச்சியை வளர்த்த எம்.கே. சந்திரசேகரனும் அதில் ஒருவர். தனித்தனி எறும்பாக வைத்து அதன் நடமாட்டத்தைப் பதிவு செய்தார்கள். பெரிய வேலைக்காரிகள் இராத்திரிக்காரிகள். நடுத்தரத்தில் முக்கால்வாசி இராத்திரி, கால்வாசி பகல். சின்னவர்களுக்கோ இரவு பகல் என்ற ஒழுங்கே இல்லை. வளைக்குள் குஞ்சு பார்க்கும் வேலைக்கு எந்நேரமும் விழித்திருக்க வேண்டுமே. கலவிக்கு முன் ராணிக்குக் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது, முட்டையிடும் காலத்தில் ஓய்ந்துவிடுகிறது, முட்டையிட்டு முடித்ததும் மறுபடி ஓடத் தொடங்குகிறது. செய்கிற வேலைக்குத் தக்கபடி உடம்புக் கடிகாரம் வளைந்துகொடுக்கிறது என்பது அவர்கள் எடுத்த முடிவு. உங்கள் வாசலில் பார்த்ததும் இதற்குப் பொருந்தி வருகிறது.

கட்டெறும்பு கடித்தால் வீங்கிக் காய்ச்சலே வரும் என்று சொல்கிறார்களே என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே தமிழ்ப் பெயர் கொஞ்சம் அகலமாக விழுந்திருக்கிறது. பெரிய கறுப்பு எறும்பு எதுவானாலும் கட்டெறும்பு என்பது பல ஊர் வழக்கம். நெருப்பாக வலிக்கும்படி கொட்டுகிறவை வேறு. தலையும் வயிறும் கறுத்து, நடுநெஞ்சு செம்மஞ்சளாக, மெலிந்து நீண்டு மரத்தில் தனியாக ஓடுவது டெட்ராபோனெரா ரூஃபோநைக்ரா. அதற்குக் கொடுக்கு உண்டு. உடம்பெல்லாம் உளியால் கீறினாற்போல வரிவரியாக இருந்து, தரையில் தனித்தனியாக இரை தேடுவது டயகாமா. அதற்கும் கொடுக்கு உண்டு. நம் கம்ப்ரெஸ்ஸஸ் கடிக்கும், கடித்த இடத்தில் அமிலத்தைத் தெளிக்கும், எரியும். பெரிய வேலைக்காரி தாடையால் பிடித்தால் தலை அறுந்தாலும் பிடி விடாது. ஆனால் விஷம் ஏற்றக் கொடுக்கு கிடையாது.

இதே பேரினத்துக்குள் இதோடு குழம்பக்கூடிய அக்கம்பக்கத்தாரும் உண்டு. பேரியஸ் சற்றுச் சின்னது, வயிற்றில் நெருங்கிய பூனைமயிர் இருப்பதால் வெண்கலம் போல ஒரு மினுக்கு. செரிசியஸின் வயிறு பொன்பட்டு போர்த்தியது மாதிரி, பார்த்தால் மறக்காது, அது ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. ரூஃபோகிளாக்கஸ் முன்பாதி செம்பழுப்பு, வயிறு சாம்பல். இதையும் ஆங்குஸ்டிகோலிஸையும் 1851-இல் பெயரிட்டவர் ஜெர்டான், சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்தவர். கறுப்பு மங்கலாக, மினுக்கே இல்லாமல், கால் மேல்பாகம் மட்டும் சிவந்திருந்தால் கம்ப்ரெஸ்ஸஸ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கதவு விஷயம். நிலையில் தட்டினால் உள்ளே பொள்ளென்று சத்தம் கேட்கிறதா, சுவரோரம் மண்பூச்சுப் போட்ட கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கரையான். எறும்புக்கும் அதற்கும் உறவே இல்லை, கரையான் கரப்பான் பூச்சியின் வழி. கோடைமழை பெய்த சாயங்காலம் உங்கள் வேப்பமரத்தடியிலிருந்து இறக்கை முளைத்த பெரிய எறும்புகள் கிளம்பினால் ஈசல் என்று பயந்துவிட வேண்டாம். ஈசலின் நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பும் ஒடுங்காது. எறும்பின் முன்னிறக்கை நீளம், இடுப்பு நூல் மாதிரி, உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். கலவி முடிந்த ராணி இறக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்ணுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, தன் உடம்புச் சத்தைக் கொண்டே முதல் பிள்ளைகளை வளர்க்கும். அவை பொடிப்பொடியாக இருக்கும். பெரிய தலைக்காரிகள் வர நாளாகும்.

அந்தக் கோடைமழை வரும்போது ஒரு ராணியைப் பக்கவாட்டில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், தேதியும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். எறும்பு பறக்கும் நாள் ஊருக்கு ஊர் வேறுபடும், நம் பக்கத்துத் தேதிகள் எழுத்தில் அதிகம் இல்லை. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத்தளத்தில் ஏற்றினால் உங்கள் ஊரும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகச் சேரும். படத்தை எனக்கும் அனுப்புங்கள், ஆவலாகக் காத்திருக்கிறேன்.